தீயறிந்து அணைத்தல்

நுழையும்முன்

விளக்கேற்றுவதற்கென்று ஒரு திருநாளைக் கொண்டது தமிழர் வாழ்வு. கார்த்திகை விளக்கீட்டைச் சங்க இலக்கியமும் பேசுகிறது. அகநானூற்றின் 141ஆம் பாடல் அதற்குச் சான்று. தீயை ஏற்றக் கற்ற அளவுக்கு அதை அணைக்கக் கற்றிருக்கிறோமா? 'தீ என்றால் தண்ணீர்' என்னும் ஒற்றை விடையே நம்மில் பலரிடம் உள்ளது. அவ்விடை சில இடங்களில் உயிர் காக்கும். சில இடங்களில் உயிர் பறிக்கும். எரியும் பொருளுக்கேற்ப அணைக்கும் பொருளும் மாறுவதேன் என்பதைத் திருவண்ணாமலையிலிருந்து தொடங்கி இப்பாடம் விளக்குகிறது.

மலைமுடியில் நெய்த்தீ

கார்த்திகைத் திங்களின் தீபத் திருநாள். மாலை ஆறு மணி நெருங்குகிறது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோவிலின் கொடிமரத்தருகே திரண்டிருப்போரின் விழிகள் எல்லாம் மேற்கே, மலைமுடியை நோக்கியிருக்கின்றன. அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் அந்தச் சில நொடிகளில் கீழே தீபம் சுடர்விட, 2,668 அடி உயரத்தில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. வழிவழியாக அதை ஏற்றும் உரிமை பெற்றவர்கள் பர்வதராஜ குலத்தார். ஆளுயரக் கொப்பரை, ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத்துணித் திரி, 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட நெய் என எல்லாமே தோளிலும் தலையிலும் சுமந்து மேலே கொண்டுசெல்லப்படுபவை. தீபம் 11 நாள்கள் மலைமீது காட்சி தரும். ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்குரிய தலம் இது என்பதும் நாம் அறிந்ததே.

பக்தியுடன் காணும் இக்காட்சியை ஒரு கணம் அறிவியல் மாணவரின் கண்கொண்டும் காணலாம். இவ்வளவு நெய் ஓரிடத்தில் இருக்கிறது. அதில் தீயும் இருக்கிறது. ஆயினும் அது கட்டுக்கடங்கி எரிகிறது. காரணம் திரி. கொப்பரையில் உள்ள நெய் முழுதும் ஒரே நேரத்தில் தீப்பற்றுவதில்லை. உருகிய நெய் திரியின் இழைகள் வழியே மேலேறி, ஆவியாகி, அங்கு மட்டுமே எரிகிறது. எவ்வளவு எரிய வேண்டும் என்பதைத் திரி முடிவு செய்கிறது. நம் வீட்டு அகல்விளக்கிலும் நிகழ்வது இதுவே.

இப்போது மலையிலிருந்து இறங்கி, நகரத்தின் ஓர் அடுக்களைக்குள் வருவோம். விழா நாளில் பலகாரம் சுடும் பெரிய வாணலி அடுப்பில் இருக்கிறது. பேச்சு மும்முரத்தில் கவனிப்பார் இல்லை. எண்ணெய் புகையத் தொடங்கி, மேலும் சூடேறித் தானே தீப்பற்றிக்கொள்கிறது. இங்கே திரி இல்லை. எண்ணெய்ப் பரப்பு முழுவதுமே திரியாகிவிட்டது. மலைமேல் எரிவதும் வாணலியில் எரிவதும் கொழுப்புத்தான். ஆனால் ஒன்று விளக்கு, மற்றொன்று விபத்து.

அணைத்தலும் குளிர்வித்தலும்

விளக்கை 'அணை' என்று சொல்ல நம் மூத்தோர் விரும்புவதில்லை. 'விளக்கைக் குளிர வை' என்பார்கள். தானே அணைந்துவிட்டால் 'விளக்கு மலையேறிவிட்டது' என்பார்கள். மங்கலம் கருதி வழங்கும் இச்சொற்களுள் ஓர் அறிவியலும் தற்செயலாக அமைந்துள்ளது. தீ எரிய எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் என மூன்று வேண்டும். வெப்பத்தை நீக்குவது குளிர்வித்தல். காற்றுப் புகாமல் மூடுவது, தழுவிக்கொள்ளுதல் என்னும் பொருளையும் தருகின்ற 'அணைத்தல்'. மூன்றாவது வழி, எரிபொருளையே அகற்றிவிடுவது. கோடையில் திருவண்ணாமலை மலைச்சரிவின் காய்ந்த புல்லில் தீப்பற்றும்போது எந்தக் கருவியையும் அங்குத் தூக்கிக்கொண்டு ஓட இயலாது. எனவே முன்கூட்டியே புல்லை நீண்ட பட்டையாக அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கிறார்கள். கோட்டை அடையும் தீ, உண்ண ஒன்றுமின்றி ஓய்ந்துவிடும்.

இம்மூன்றுடன் நான்காவதாக ஒன்றைப் பிற்கால ஆய்வுகள் சேர்த்தன. சுடருக்குள் நிகழும் வேதிவினைகள் சங்கிலிபோல் தொடர்கின்றன. அச்சங்கிலியை அறுத்தாலும் தீ அணையும். சுவரில் தொங்கும் சிவப்புக் கருவிகள் அனைத்தும் இந்நான்கில் ஒன்றையோ பலவற்றையோ செய்பவையே.

நீர் வெல்லும் இடம்

மரம், துணி, தாள், வைக்கோல், கீற்று முதலிய திடப்பொருள்களில் பற்றும் தீ 'ஏ' வகை எனப்படும். எரிந்தபின் தணல் எஞ்சுவது இதன் அடையாளம். கார்த்திகை நாளில் கோவில்கள்முன் கொளுத்தப்படும் சொக்கப்பனையை நினைத்துக்கொள்ளுங்கள். சுடர் தணிந்த பின்னும் உள்ளே கனல் கிடக்கும். காற்றடித்தால் மீண்டும் எழும். இவ்வகைத் தீக்கு நீரே தலைசிறந்த மருந்து. ஆவியாகும்போது அது பெருமளவு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இடுக்குகளில் ஊறிச்சென்று கனலையும் அவிக்கிறது.

கையில் எடுத்துச் செல்லத்தக்க தீயணைப்புக் கருவியின் வரலாறும் நீரில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் வில்லியம் மேன்பி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்புக் கலம் ஒன்றில் பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசலை நிரப்பி, அழுத்தப்பட்ட காற்றால் அதைப் பீச்சும் கருவியை உருவாக்கினார். 1866இல் பிரான்சு நாட்டின் பிரான்சுவா கார்லியே வேறொரு வழி கண்டார். சமையல் சோடா கரைந்த நீரில் அமிலத்தைக் கலக்கச் செய்தால் எழும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமே நீரை வெளியே தள்ளிவிடும். தலைகீழாகக் கவிழ்த்து இயக்கும் கூம்பு வடிவ 'சோடா அமிலக் கருவி' நம் நாட்டுத் திரையரங்குகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் தொங்கியது. அது வாயுவைப் பீச்சும் கருவி என்று எண்ணியவர்கள் பலர். உண்மையில் பீச்சியது நீரைத்தான். இன்று அது வழக்கொழிந்துவிட்டது.

கீற்றுப் பந்தலும் கூட்டமும் சேரும் இடங்களில் 'ஏ' வகைத் தீ எவ்வளவு கொடியது என்பதைத் தமிழகம் துயரத்துடன் அறியும். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெருவுடையார் கோவிலில் குடமுழுக்கையொட்டி அமைக்கப்பட்ட யாகசாலைப் பந்தலில் தீப்பற்றியது. அத்தீயிலும் அதையடுத்த நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் இருந்த கடைகளில் தீ மூண்டது. உயிரிழப்பு இல்லை, ஆயினும் கல் மண்டபம் பெருஞ்சேதமுற்றது. கல் எரியாது என்பது உண்மையே. ஆனால் கடும் வெப்பத்தில் அது விரிந்து, பிளந்து, சுமக்கும் வலிமையை இழந்துவிடும்.

நீர் தோற்கும் இடம்

வாணலிக்குத் திரும்புவோம். தீப்பற்றிய எண்ணெயைக் கண்டதும் அருகில் இருப்பவர் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஊற்றுகிறார். அடுத்த நொடியில் கூரையைத் தொடும் அளவுக்குத் தீப்பந்து எழுகிறது. தண்ணீரா இதைச் செய்தது?

தண்ணீர்தான். தீப்பற்றும் நிலையில் எண்ணெயின் வெப்பம் 300 டிகிரி செல்சியசுக்கும் மேல். நீரோ 100 டிகிரியில் கொதிப்பது. மேலும் நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது. ஆதலால் மேலே தங்காமல் உள்ளே மூழ்குகிறது. மூழ்கிய நீர் கணப்பொழுதில் நீராவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டர் அளவுக்கு விரிகிறது. அடியிலிருந்து வெடித்தெழும் அந்நீராவி, எரியும் எண்ணெயை நுண்துளிகளாக்கி மேலே வீசுகிறது. பரப்பில் மட்டும் எரிந்த எண்ணெய் இப்போது காற்றெங்கும் பரவி, ஒவ்வொரு துளியும் தனித்தனியே எரிகிறது. ஊற்றியவரின் முகமும் கைகளும் அதன் நேர் எதிரே இருக்கின்றன. நெய்யானாலும் நல்லெண்ணெயானாலும் விளைவு இதுவே.

பெட்ரோல், மண்ணெண்ணெய், வண்ணச்சாயம் போன்ற நீர்மத் தீயைப் 'பி' வகை என்பர். இதற்கு உருவானது நுரைக்கருவி. எண்ணெய் வளம் மிக்க பாக்கு நகரில் ஆசிரியராகப் பணியாற்றிய அலெக்சாந்தர் லோரான், எரியும் எண்ணெய்க் குளங்களைக் கண்டு சிந்தித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுரையால் தீயணைக்கும் முறையைக் கண்டறிந்தார். நுரை எண்ணெயைவிட இலேசானது. மேலே மிதந்து போர்வைபோல் படர்ந்து காற்றை மறைக்கிறது. நீர் மூழ்கித் தோற்ற இடத்தில் நீரால் ஆன நுரை மிதந்து வெல்கிறது.

அப்படியானால் வாணலிக்கும் நுரையைப் பயன்படுத்தலாம் அல்லவா? கூடாது. பெட்ரோல் எரியும்போதும் அதன் உட்பகுதி அவ்வளவு சூடாவதில்லை. சமையல் எண்ணெயோ அடிவரை கொதிக்கிறது. நுரையில் உள்ள நீரே அங்கு வினையாகிவிடும். வேறு கருவிகளால் சுடரை அணைத்தாலும், எண்ணெய் தானாகத் தீப்பற்றும் வெப்பத்திலேயே இருப்பதால் காற்றுப் பட்டதும் மீண்டும் எரியத் தொடங்கும். இத்தனிப் பண்பினால்தான் சமையல் எண்ணெய்த் தீயைப் பன்னாட்டு வகைப்பாடு 'எஃப்' என்று தனியே பிரித்தது. அமெரிக்காவில் இதற்கு 'கே' என்று பெயர். இதற்குரிய ஈர வேதிக் கருவியில் பொட்டாசியம் உப்புகளின் கரைசல் இருக்கும். அது வேகமாகப் பாயாமல், மென்தூவலாக எண்ணெய்மேல் படிகிறது. சூடான கொழுப்பும் காரமும் சேர்ந்தால் என்ன உருவாகும் என்பது வேதியியல் வகுப்பில் படித்ததே; ஆம், சோப்பு. தீப்பற்றிய எண்ணெயின் மேற்பரப்பே சோப்புப் படலமாக மாறித் தன்னைத் தானே மூடிக்கொள்கிறது. தூவல் அதைக் குளிரவும் வைக்கிறது. தீயணைப்புக் கருவிகளில் இதைவிட நயமான ஒன்றை யான் கண்டதில்லை.

அத்தகைய கருவி எல்லா அடுக்களைகளிலும் இருக்காது. ஆனால் பொருத்தமான மூடி இருக்கும். அடுப்பை நிறுத்தி, மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடிவிட்டு, நன்கு குளிரும்வரை திறக்காமல் இருப்பதே போதும். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டா.

வாயு, மின்சாரம், மாழை

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் நகர்கிறது. வழிநெடுகக் கடைகளும் அன்னதானமும் உண்டு. கூட்டத்தின் நடுவே எரிவாயு உருளை ஒன்றில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 'சி' வகையான வாயுத் தீயில் முதல் வேலை சுடரை அணைப்பதன்று, வாயுவை நிறுத்துவது. சுடர் அணைந்தும் கசிவு நிற்காவிடில், எரியாத வாயு சுற்றிலும் தேங்கி, ஒரு பொறியில் வெடித்துவிடும். தீயணைப்புத் துறையினர் பள்ளிகளில் நடத்தும் செயல்விளக்கத்தில் ஈரச் சாக்கினால் உருளையின் வாயைப் போர்த்தி அணைத்து, உடனே அடைப்பானைத் திருகுவதைக் கண்டிருப்பீர்கள். அச்செயலில் சாக்கைவிடத் திருகலே இன்றியமையாதது.

மின்சாதனங்களில் பற்றும் தீக்கு நம் நாட்டு வகைப்பாட்டில் தனி எழுத்து இல்லை. மின்சாரம் எரிபொருள் அன்று. எரிவது கம்பியின் உறையும் சுற்றியுள்ள பொருள்களுமே. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டால் அது 'ஏ' வகைத் தீயாகிவிடும். துண்டிக்க இயலாதபோது நீரையோ நுரையையோ பீச்சினால் அதன் வழியே மின்சாரம் பாயக்கூடும். அங்கு உதவுவது கார்பன் டை ஆக்சைடு கருவி. உள்ளே நீர்மமாக அடைபட்டிருக்கும் இவ்வாயு, கறுப்பு நிறக் கூம்பு வழியே வெளிவரும்போது சட்டென விரிந்து, -78 டிகிரி செல்சியசில் வெண்பனித் துகள்களாகவும் மாறுகிறது. உலோகக் குழாயைக் கையால் பற்றினால் தோல் உறைந்து புண்ணாகும். கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும். கறை எதையும் விடாமல் மறைவது இதன் சிறப்பு. காற்றை விலக்குவதால் மூடிய சிறு அறையில் மனிதரையும் மூச்சுத் திணறச் செய்வது இதன் ஆபத்து.

மக்னீசியம், சோடியம் முதலிய மாழைகளில் பற்றும் 'டி' வகைத் தீக்குத் தனிப்பொடிகள் உள்ளன. உலர்ந்த மணலும் உதவும். பட்டாசு இவை எவற்றிலும் அடங்காத ஒன்று. தனக்கு வேண்டிய ஆக்சிஜனை நைட்ரேட்டு வடிவில் அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. மூடியோ வாயுவோ அதனிடம் பலிக்காது. அணைந்த மத்தாப்பை நீர் நிறைந்த வாளியில் போடச் சொல்வது அதனால்தான்.

ஒரே சிவப்பு, வேறுவேறு எழுத்து

பள்ளி, அங்காடி, பேருந்து என எங்கும் இன்று மிகுதியாகக் காணப்படுவது 'ஏ, பி, சி' என்று பொறிக்கப்பட்ட உலர் வேதிப்பொடிக் கருவி. மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டு என்னும் மஞ்சள் நிறப் பொடி சுடருக்குள் பாய்ந்து வேதிவினைச் சங்கிலியை அறுக்கிறது. திடப்பொருளின்மேல் உருகிப் படிந்து காற்றையும் தடுக்கிறது. பலவற்றுக்கும் பயன்படுவதால் இதை எல்லாவற்றுக்கும் பயன்படுவது என்று எண்ணிவிடுகிறோம். கொதிக்கும் எண்ணெயை இது குளிர்விப்பதில்லை. ஓலைச்சுவடி அறையிலோ கணினி அறையிலோ வீசினால் தீ விட்டுவைத்ததைப் பொடி கெடுத்துவிடும். கணினி அறைகளுக்கு ஒருகாலத்தில் ஹேலான் வாயு பயன்பட்டது. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாட்டைத் தொடர்ந்து படிப்படியாகக் கைவிடப்பட்டது. தீங்கு குறைந்த மாற்று வாயுக்கள் வந்துள்ளன.

நம் நாட்டில் எல்லா வகைக் கருவிகளும் சிவப்பு நிறமே. நிறத்தைக் கண்டு வகையறிய இயலாது. மேலே ஒட்டப்பட்டிருக்கும் எழுத்துகளைப் படித்தாக வேண்டும். தீ எரிந்துகொண்டிருக்கும்போது படிக்க நேரம் இருக்காது.

தெரிந்து தெளிவோம்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிபொருளும் பஞ்சுப்பொதிகளும் ஏற்றி நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பலில் தீப்பற்றியது. அணைக்க முயன்றபோது கப்பல் வெடித்துச் சிதறியதில் தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிர் நீத்தனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

கையில் இருக்கும் சில வினாடிகள்

கருவியை இயக்குவது எளிது. பாதுகாப்பு ஊசியை இழுத்தெடுத்து, இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் நின்று, குழலைச் சுடரின் உச்சிக்கு அன்றி அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தியபடி இடவலமாக வீச வேண்டும். திறந்த வெளியானால் காற்று நம் முதுகுப்புறமிருந்து வீசுமாறு நிற்க வேண்டும். பலரும் அறியாதது, கருவி எவ்வளவு நேரம் இயங்கும் என்பது. கையில் தூக்கும் அளவுள்ள கருவி பெரும்பாலும் அரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். திரைப்படங்களில் காண்பதுபோல் நாயகன் அதைக் கொண்டு ஒரு மாளிகையை மீட்க இயலாது. குப்பைக் கூடை அளவிலான தீக்கு ஏற்றது அது.

ஆகவே கருவியைத் தூக்கும்முன் முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் மூண்ட தீ, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தனர். அவர்கள் உங்களினும் இளையவர்கள், தொடக்கப்பள்ளிப் பருவத்தினர். சமையற்கூடத்தில் எழுந்த முதல் சுடருக்கு ஒரு கருவி போதியிருக்கலாம். கூரையில் ஏறிய தீக்கு எந்தச் சிவப்புக் கருவியும் போதாது. அப்போது வேண்டியது அகன்ற படிக்கட்டும் திறந்த கதவும். அந்நிகழ்வுக்குப் பின்னரே தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது.

தீ கூரையைத் தொட்டுவிட்டாலோ, புகை சூழ்ந்துவிட்டாலோ, கருவி தீர்ந்துவிட்டாலோ வெளியேறிவிட வேண்டும். புகை மேலே திரள்வதால் தாழ்ந்து தவழ்ந்து செல்வது நன்று. அறையில் எவரும் இல்லையெனில் கதவைச் சாத்திவிட்டு வருவது தீக்குக் காற்றைக் குறைக்கும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101 அல்லது 112 என்னும் எண்ணில் அழைத்து, முதலில் இடத்தையும் அடுத்து எரிவது எதுவென்பதையும் கூற வேண்டும். எண்ணெய்க் கிடங்கா, துணிக்கடையா என்பது தெரிந்தால் அவர்கள் அதற்கேற்ற ஆயத்தத்துடன் புறப்படுவார்கள்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியில் உள்ள தீயணைப்புக் கருவிகளை எண்ணி, ஒவ்வொன்றும் எங்குள்ளது, எந்த எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன, எந்த நாளில் கடைசியாக நிரப்பப்பட்டது என்பவற்றை எழுதுக. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்றும் பார்க்க. கார்பன் டை ஆக்சைடு கருவியில் அழுத்தமானி இருக்காது. அதைப் பழுதென்று குறிக்க வேண்டா. அதன் நிரப்பு நிலையை எடை பார்த்தே அறிவர். வேதியியல் ஆய்வகம், சத்துணவுக்கூடம், கணினி அறை ஆகிய மூன்றிலும் இருக்கும் கருவி அங்கு மூளக்கூடிய தீக்குப் பொருந்துகிறதா என வகுப்பில் கலந்துரையாடி, பொருந்தாதவற்றைக் குறித்துத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.